ஒழுகும் இடம் எது? பின்னச்சு எண்ணெய்க் கசிவை ஆராய்தலும் பட்டறையின் ஆலோசனையை வினவுதலும்

தோட்டத்து மக்களுக்கு வாகனம் இன்று ஆடம்பரப் பொருளன்று. பிள்ளைகளைப் பள்ளிக்கு அழைத்துச் செல்வதற்கும், நோயாளியை நகரத்து மருத்துவமனையில் சேர்ப்பதற்கும், வாரச் சந்தைக்குப் போய் வருவதற்கும் அது இன்றியமையாததாகி விட்டது. பல்லாண்டுச் சேமிப்பைக் கொண்டு, பெரும்பாலும் பழைய வண்டியாகவே, அதனை வாங்குகின்றோம். அத்தகைய வண்டியின் பின்புறத்தில் ஒரு நாள் எண்ணெய்க் கறை தென்படுகின்றது. வாகன விற்பனை நிலையத்தின் பட்டறைக்குக் கொண்டு சென்றால், "டிஃபரென்ஷியல் கசிகின்றது, முழுத் தொகுதியையும் மாற்ற வேண்டும்" என்று கூறிவிடுகின்றனர். அவர்கள் சொல்லும் தொகையோ பல மாதச் சம்பளத்தை விழுங்கக் கூடியதாக இருக்கின்றது.

இந்நிலையில் சம்மதிப்பதா, மறுப்பதா என்னும் கேள்விக்கு முன்னதாக எழ வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. கசிவு எந்த இடத்தில் தொடங்குகின்றது? அதற்கு விடை தெரியாத வரையில், எந்தப் பழுதுபார்ப்புக்கும் சம்மதம் தருதல் முறையாகாது. அவ்விடையைத் தேடும் வழியை இப்பாடம் விளக்குகின்றது.

டிஃபரென்ஷியல் செய்யும் வேலை

வண்டி நேராகச் செல்லும்போது இடப்பக்கச் சக்கரமும் வலப்பக்கச் சக்கரமும் ஒரே தொலைவைக் கடக்கின்றன. வளைவில் திரும்பும்போது வெளிப்பக்கச் சக்கரம் அதிகத் தொலைவு உருள வேண்டும். இரு சக்கரங்களுக்கும் இடையே 1.5 மீட்டர் அகலம் உள்ள ஒரு வண்டி முழு வட்டம் அடித்தால், வெளிச்சக்கரம் உட்சக்கரத்தை விட ஏறத்தாழ 9.4 மீட்டர் கூடுதலாக ஓடுகின்றது. இரண்டும் ஒரே இரும்பு அச்சில் இறுகப் பிணைக்கப்பட்டிருந்தால், ஒரு சக்கரம் தரையில் இழுபட்டுத் தேயும். இதனைத் தவிர்ப்பதற்காக, இரு சக்கரங்களும் வெவ்வேறு வேகத்தில் சுழல இடந்தரும் பல்சக்கர அமைப்பே டிஃபரென்ஷியல் ஆகும்.

பின்சக்கர இழுவை வண்டிகளில் இது பின்னச்சின் நடுவே, பூசணிக்காய் போலப் பருத்த இரும்புப் பெட்டிக்குள் இருக்கின்றது. முன்புறத்தில் கியர்ப்பெட்டியிலிருந்து வரும் நீண்ட உந்துதண்டு ஒரு சிறிய பல்சக்கரத்தைச் சுழற்றுகின்றது. இதற்குப் பினியன் என்று பெயர். பினியன் அதனினும் பெரிய வளையப் பல்சக்கரத்தைச் சுழற்றுகின்றது. பினியனில் 10 பற்களும் பெரிய சக்கரத்தில் 41 பற்களும் இருந்தால், உந்துதண்டு 4.1 சுற்றுச் சுற்றும்போது சக்கரம் ஒரு சுற்றுச் சுற்றும்.

பிக்-அப் வண்டிகள், லாரிகள், பலவகை வேன்கள், பழைய டாட்சன் 120ஒய் போன்ற கார்கள் ஆகியவை இவ்வகையைச் சேர்ந்தவை. 1985இல் வெளிவந்த புரோட்டோன் சாகாவும், 1994இல் வெளிவந்த பெரோடுவா கஞ்சிலும் முன்சக்கர இழுவை வண்டிகள். அவற்றில் டிஃபரென்ஷியல் முன்புறக் கியர்ப்பெட்டிக்குள்ளேயே அடங்கியிருக்கின்றது. ஆதலால், அத்தகைய காரின் பின்சக்கரத்தருகே ஈரம் கண்டால், அது டிஃபரென்ஷியல் எண்ணெயாக இருக்க முடியாது. பிரேக் எண்ணெயாகவோ வேறொன்றாகவோதான் இருக்க வேண்டும். உங்கள் வண்டி எவ்வகை என்பதை முதலில் அறிந்துகொள்ளுங்கள்.

எண்ணெயும் ரப்பர் வளையமும்

டிஃபரென்ஷியலின் பற்கள் ஒன்றன்மேலொன்று உருளுவதோடு, கடும் அழுத்தத்தில் உரசி வழுக்கவும் செய்கின்றன. சாதாரண எண்ணெய் அந்த அழுத்தத்தில் பிதுங்கி விலகிவிடும். ஆகவே கந்தகமும் பாஸ்பரசும் கலந்த சேர்மங்கள் சேர்க்கப்பட்ட தடித்த கியர் எண்ணெய் இதற்குப் பயன்படுகின்றது. பல வண்டிகளுக்கு ஜி.எல்.-5 தரத்தில் 80டபிள்யூ-90 வகை எண்ணெய் குறிக்கப்பட்டிருக்கும். எனினும் வண்டியின் கையேடு சொல்வதே இறுதியானது. கார்களில் ஏறத்தாழ 1 முதல் 1.5 லிட்டர் வரையிலும், பிக்-அப் வண்டிகளில் 2 முதல் 3 லிட்டர் வரையிலும் இந்த எண்ணெய் இருக்கும்.

சுழலும் தண்டுகள் பெட்டியை விட்டு வெளிவரும் இடங்களில், எண்ணெய் வெளியேறாதபடி தடுப்பவை ஆயில் சீல் எனப்படும் ரப்பர் வளையங்கள். இங்கே நம் தொழிலோடு தொடர்புடைய செய்தி ஒன்று உண்டு. நாம் மரத்திலிருந்து எடுக்கும் பாலில் உருவாகும் இயற்கை ரப்பர் இழுவிசைக்கும் தேய்மானத்திற்கும் சிறந்தது. டயர்களில் அது பெரிதும் பயன்படுகின்றது. ஆனால் கனிம எண்ணெயில் ஊறினால் அது பருத்து வலுவிழந்துவிடும். அதனால் ஆயில் சீல்கள் நைட்ரைல் போன்ற செயற்கை ரப்பரால் செய்யப்படுகின்றன. இவையும் என்றென்றும் நிலைப்பவை அல்ல. வெப்பத்தாலும் வயதாலும் இறுகி, உதடு தேய்ந்து, எண்ணெயைக் கசிய விடுகின்றன. அதே காரணத்தால், சக்கரப் பக்கம் கசியும் எண்ணெய் டயரின் மீது படிந்தால் டயருக்கும் கேடு விளைகின்றது.

கசியக்கூடிய இடங்கள்

பின்னச்சில் எண்ணெய் கசியக்கூடிய முதன்மையான இடங்கள் ஐந்து:

1. பினியன் சீல். உந்துதண்டு பெட்டியோடு சேரும் முன்பக்க இடம். இங்கே கசியும் எண்ணெயைச் சுழலும் தண்டு வீசியடிப்பதால், வண்டியின் அடித்தளத்தில் குறுக்குப் பட்டை போன்ற கறை தோன்றும்.

2. அச்சுத்தண்டுச் சீல். இரு முனைகளிலும் சக்கரங்களின் அருகே உள்ளது. இங்கு கசிந்தால் சக்கரத்தின் உட்பக்கமும், பிரேக் டிரம்மின் அடிப்பக்கமும் நனைந்திருக்கும்.

3. மூடியின் கேஸ்கெட். பெட்டியின் மூடி பொருந்தும் விளிம்பு. சில வண்டிகளில் இது பின்புறத்திலும், சிலவற்றில் முன்புறத்திலும் அமைந்திருக்கும்.

4. எண்ணெய் ஊற்றும் திருகடைப்பும், வடிக்கும் திருகடைப்பும். வாசர் பழுதானாலோ, திருகு தளர்ந்தாலோ இங்கே கசியும்.

5. மூச்சுத்துளை. பெட்டியின் மேல் அல்லது அச்சுக் குழாயின் மேல் உள்ள சிறு அடைப்பு அல்லது குழாய்.

ஐந்தாவது இடத்தைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். வண்டி ஓடும்போது பெட்டிக்குள் இருக்கும் காற்று சூடேறி விரிகின்றது. அது வெளியேறுவதற்கே மூச்சுத்துளை வைக்கப்பட்டுள்ளது. தோட்டத்துச் செம்மண் சாலையில் ஓடும் வண்டியில் புழுதியும் சேறும் சேர்ந்து இத்துளையை அடைத்துவிடக் கூடும். அப்போது உள்ளே மிகும் அழுத்தம், நல்ல நிலையில் உள்ள சீலின் வழியாகக்கூட எண்ணெயைப் பிதுக்கித் தள்ளும். இதனை அறியாமல் சீலை மட்டும் மாற்றினால், புதிய சீலும் சில வாரங்களில் கசியத் தொடங்கும். "மாற்றியும் கசிகின்றது, ஆதலால் முழுவதையும் மாற்ற வேண்டும்" என்னும் தவறான முடிவுக்கு இது வழி வகுக்கின்றது. துளையைச் சுத்தம் செய்வதற்கு ஆகும் செலவோ மிகச் சிறிது. எண்ணெய் அளவுக்கு மீறி ஊற்றப்பட்டிருந்தாலும் இதே போன்ற கசிவு ஏற்படலாம்.

எந்த எண்ணெய் என்று அறிதல்

வண்டிக்குக் கீழே காணும் ஈரம் அனைத்தும் டிஃபரென்ஷியல் எண்ணெய் ஆகிவிடாது. இரவில் வண்டியின் கீழ் வெள்ளை அட்டை ஒன்றை விரித்து வைத்துக் காலையில் பாருங்கள். தடித்து, பழுப்பாக, கந்தக நாற்றத்துடன் இருந்தால் கியர் எண்ணெய். நீர்போல மெலிந்து, வெளிர்நிறத்தில், சக்கரத்தருகே இருந்தால் பிரேக் எண்ணெயாகலாம். அப்போது பிரேக் எண்ணெய்க் குப்பியில் அளவு குறைந்திருக்கின்றதா என்று உடனே பார்க்க வேண்டும். குறைந்திருந்தால் வண்டியை ஓட்டலாகாது. நிறமும் மணமும் இன்றி முன்புறத்தில் சொட்டுவது பெரும்பாலும் குளிர்சாதனக் கருவியின் நீரே.

கசியும் இடத்தைக் கண்டறியும் முறை

பால் மரம் சீவும் ஒருவர், பால் வெட்டுக்கோட்டை விட்டுப் பட்டை மீது வழிந்திருப்பதைக் கண்டால், பால் தேங்கிய அடிமரத்தை ஆராய மாட்டார். மேலே எந்த இடத்தில் வழியத் தொடங்கியது என்றே பார்ப்பார். எண்ணெய்க் கசிவுக்கும் இதுவே விதி. எண்ணெய் கீழ்நோக்கி வழிகின்றது. வண்டி ஓடும்போது காற்று அதனைப் பின்னோக்கித் தள்ளுகின்றது. ஆகவே ஈரத்தின் மிக உயரமான, மிக முன்பக்கமான இடமே கசிவின் பிறப்பிடமாக இருக்கக் கூடும்.

இதனை உறுதி செய்யும் முறை வருமாறு:

முதலாவதாக, சமதரையில் வண்டியை நிறுத்தி, சக்கரங்களுக்குக் கட்டை கொடுங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி ஒருபோதும் வண்டிக்கு அடியில் நுழையாதீர்கள். உறுதியான தாங்கிகள் இல்லையெனில், பட்டறையில் தூக்கி நிறுத்தச் சொல்லிப் பாருங்கள்.

இரண்டாவதாக, பெட்டியையும் அச்சுக் குழாயையும் சவர்க்கார நீரால் நன்கு கழுவித் துடைத்து உலர விடுங்கள். பழைய அழுக்கின் மேல் புதிய கசிவைக் கண்டறிய இயலாது.

மூன்றாவதாக, உலர்ந்த பகுதியின் மீது முகத்திற்குப் பூசும் பவுடரை மெல்லிதாகத் தூவுங்கள்.

நான்காவதாக, ஏறத்தாழ 20 கிலோமீட்டர் ஓட்டித் திரும்பிய பின் பாருங்கள். கசிவு தொடங்கிய இடத்தில் பவுடர் நனைந்து, கரும்பழுப்புக் கோடாகத் தெரியும். கைத்தொலைபேசியில் அதனைப் படம் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள்.

ஐந்தாவதாக, வண்டி ஆறிய பின், ஊற்றும் திருகடைப்பைக் கழற்றி எண்ணெய் மட்டத்தைச் சோதியுங்கள். பெரும்பாலான வண்டிகளில் எண்ணெய் அத்துளையின் கீழ் விளிம்பு வரை இருக்க வேண்டும். எண்ணெயை வடிக்க நேர்ந்தாலும், ஊற்றும் அடைப்பையே முதலில் திறக்க வேண்டும். அது துருப்பிடித்துத் திறக்க இயலாமற் போனால், வடித்த பிறகு மீண்டும் ஊற்ற வழியிராது.

வெளிவரும் எண்ணெயும் சில செய்திகளைச் சொல்லும். காந்தம் பொருத்திய திருகில் மெல்லிய சாம்பல்நிறக் குழம்பு ஒட்டியிருத்தல் இயல்பு. உலோகத் துணுக்குகளோ பல்லின் உடைந்த பகுதியோ இருந்தால், உள்ளே சேதம் நேர்ந்துள்ளது. எண்ணெய் பால்போல வெளுத்திருந்தால் நீர் புகுந்துள்ளது என்பது பொருள். வெள்ளத்தைக் கடந்த வண்டிகளில் இதனைக் காணலாம். சூடான பெட்டி நீரில் திடீரெனக் குளிரும்போது, உட்காற்று சுருங்கி நீரை உள்ளே இழுத்துக்கொள்கின்றது.

எவ்வளவு அவசரம்?

மேற்பரப்பு சற்றே ஈரமாகித் தூசி ஒட்டியிருப்பதும், சொட்டுச் சொட்டாக விழுவதும் ஒன்றன்று. முன்னதைக் குறித்து வைத்து, மாதந்தோறும் மட்டத்தைச் சோதித்து வரலாம். பின்னதை அலட்சியம் செய்யலாகாது. சொட்டுச் சொட்டாகத்தான் மங்கு நிறைகின்றது என்பதை நாம் அறிவோம். ஏறத்தாழ 20 சொட்டுகள் 1 மில்லிலிட்டர் எனக் கொண்டால், நிமிடத்திற்கு ஒரு சொட்டு வீதம் இடைவிடாது விழும் கசிவு ஒரு நாளில் 72 மில்லிலிட்டர் ஆகும். இரண்டு வாரங்களில் 1 லிட்டர் போய்விடும். எண்ணெய் வற்றிய டிஃபரென்ஷியல் ஊளையிடத் தொடங்கி, பற்களும் பேரிங்குகளும் வெந்து அழிந்துவிடும். அப்போது முழுத் தொகுதியையும் மாற்றுவது உண்மையிலேயே தேவையாகிவிடும்.

மிகவும் அவசரமானது அச்சுத்தண்டுச் சீலின் கசிவு. அந்த எண்ணெய் பிரேக் டிரம்முக்குள் புகுந்தால், அப்பக்கப் பிரேக் சரிவரப் பிடிக்காது. பிள்ளைகளை ஏற்றிச் செல்லும் வேன் இறக்கத்தில் நிற்க மறுத்தால் நேரக்கூடியதைச் சொல்ல வேண்டியதில்லை. இத்தகைய கசிவில் செலவுக் கணக்குப் பார்த்துத் தள்ளிப் போடுதல் கூடாது. எண்ணெயில் ஊறிய பிரேக் கட்டைகளைத் துடைத்துப் பயன்படுத்தாமல், புதியன பொருத்த வேண்டும்.

பட்டறையிடம் கேட்க வேண்டியவை

எட்டாண்டுப் பழைய வேன் ஒன்றை அதன் உரிமையாளர் விற்பனை நிலையப் பட்டறைக்குக் கொண்டு சென்றதாக வைத்துக்கொள்வோம். உரையாடல் இவ்வாறு அமையலாம்:

அலுவலர்: டிஃபரென்ஷியல் கசிகிறது, ஐயா. முழுத் தொகுதியையும் மாற்றிவிடுவது நல்லது.

உரிமையாளர்: எந்த இடத்தில் கசிகிறது? வண்டி மேலே இருக்கும்போதே காட்டுங்கள், ஐயா.

அலுவலர்: எல்லா இடமும் எண்ணெயாக இருக்கிறதே!

உரிமையாளர்: அப்படியானால், கழுவித் துடைத்து, ஓட்டிப் பார்த்த பிறகு காட்டுங்கள். மூச்சுத்துளை திறந்திருக்கிறதா என்று பார்த்தீர்களா? உள்ளே உலோகத் துணுக்கு ஏதும் இருந்ததா?

அலுவலர்: இன்னும் திறந்து பார்க்கவில்லை.

உரிமையாளர்: திறந்து பார்த்துவிட்டுச் சொல்லுங்கள். அதற்குரிய கூலியைத் தந்துவிடுகிறேன். அதன் பிறகு முடிவு செய்வோம்.

இவ்வினாக்களில் பகைமை இல்லை, பணிவும் குறையவில்லை. ஆயினும் திறந்து பாராமலே சொல்லப்பட்ட முடிவு ஒன்று, இவ்வினாக்களால் வெளிச்சத்திற்கு வந்துவிட்டது. ஒவ்வோர் உரிமையாளரும் கேட்க வேண்டிய வினாக்கள் இவை:

• கசிவு தொடங்கும் இடத்தைக் கண்ணாற் காட்ட முடியுமா?
• மூச்சுத்துளையும் எண்ணெய் மட்டமும் சோதிக்கப்பட்டனவா?
• எண்ணெயில் உலோகத் துணுக்குகள் இருந்தனவா? வண்டி ஓடும்போது ஊளைச் சத்தம் கேட்டதா?
• பினியன் தண்டில் மேலும் கீழுமான ஆட்டம் உள்ளதா?
• சீலை மட்டும் மாற்றினால் போதாது என்பதற்குக் காரணம் என்ன?
• உதிரிபாக விலையையும் கூலியையும் தனித்தனியே எழுதித் தருவீர்களா?
• கழற்றிய பழைய பாகங்களைத் திருப்பித் தருவீர்களா?
• வேலைக்கு எத்தனை மாத உத்தரவாதம் உண்டு?

பட்டறை சொல்வது சரியாக இருக்கும் வேளைகள்

எல்லாப் பட்டறையினரும் ஏமாற்றுவோர் என்று எண்ணுதல் தவறு. பினியன் பேரிங் தேய்ந்து தண்டு ஆடினால், புதிய சீல் நெடுநாள் தாங்காது. அதனை மட்டும் மாற்ற மறுக்கும் பட்டறையே நேர்மையானது. சீல் உரசும் உலோகப் பரப்பில் ஆழமான பள்ளம் விழுந்திருந்தால், அந்தப் பாகத்தையும் மாற்றவோ, அதன்மேல் மெல்லிய உறை பொருத்தவோ வேண்டும். பற்கள் உடைந்திருந்தாலும், பெட்டியில் விரிசல் கண்டிருந்தாலும் பெருஞ்செலவு தவிர்க்க முடியாததே.

பினியன் சீல் மாற்றுவதற்கு நல்ல கூலி கேட்பதற்கும் காரணம் உண்டு. பல வண்டிகளில் பினியன் நட்டை இறுக்கும்போது, உள்ளே நசுங்கும் வளையம் ஒன்று பேரிங்கின் இறுக்கத்தை நிர்ணயிக்கின்றது. அளவுக்கு மீறி இறுக்கினால் வளையம் மேலும் நசுங்கி, பேரிங் விரைவில் அழிந்துவிடும். எனவே "சுத்தியலும் ஸ்பானரும் போதும்" என்போரிடம் இவ்வேலையைக் கொடுப்பது சிக்கனமாகாது. கசிவை நிறுத்தும் என்று விற்கப்படும் மருந்துகளும் பழைய ரப்பரைச் சிறிது காலம் பருக்கச் செய்வனவே. தேய்ந்த சீலை அவை புதிதாக்கா.

இரண்டாவது கருத்தை நாடுவதும் நன்று. முதல் பட்டறை தந்த எழுத்து மதிப்பீட்டையும் நீங்கள் எடுத்த படங்களையும் கொண்டு வேறொரு பட்டறையில் விசாரியுங்கள். இடம் உறுதியாகத் தெரிந்தபின், விலையை ஒப்பிடுவது எளிதாகிவிடும்.

எழுத்தும் உரிமையும்

உத்தரவாதக் காலம் முடியாத வண்டியில் சிறு ஈரம் கண்டு, "இது வழக்கந்தான், பரவாயில்லை" என்று விற்பனை நிலையம் கூறினால், அதனை வாய்மொழியாக விட்டுவிடாதீர்கள். முறையீட்டையும், தேதியையும், வண்டி ஓடிய கிலோமீட்டரையும் வேலைச் சீட்டில் பதியச் செய்து, ஒரு பிரதியைப் பெற்றுக்கொள்ளுங்கள். பின்னர் கசிவு பெருகினால், அது உத்தரவாதக் காலத்திலேயே தொடங்கியது என்பதற்கு அந்தச் சீட்டே சான்றாகும்.

மலேசியாவின் 1999ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், சேவை வழங்குவோர் தக்க திறமையோடும் கவனத்தோடும் பணி செய்ய வேண்டும் என்கின்றது. விலை முன்கூட்டியே பேசி முடிக்கப்படாத நிலையில், நியாயமான விலைக்கு மேல் கொடுக்க நுகர்வோர் கடமைப்பட்டவர் அல்லர். சொந்த அல்லது குடும்பப் பயன்பாட்டிற்கான வண்டியில் செய்த வேலை பற்றிய பிணக்கை நுகர்வோர் கோரிக்கை நடுவர் மன்றத்தில் தொடுக்கலாம். கட்டணம் 5 வெள்ளி. கோரிக்கைக்குக் காரணம் எழுந்த நாளிலிருந்து மூன்றாண்டுகளுக்குள் தொடுக்க வேண்டும். 2019ஆம் ஆண்டுத் திருத்தத்திற்குப் பின், 50,000 வெள்ளி வரையிலான கோரிக்கைகள் அங்கு விசாரிக்கப்படுகின்றன. அங்கே வழக்கறிஞர் வாதிடுவதில்லை. நீங்களே உங்கள் நிலையை எடுத்துரைக்கலாம். அவ்வேளையில் உங்களுக்காகப் பேசுபவை மதிப்பீட்டுச் சீட்டும், பற்றுச்சீட்டும், படங்களும், திரும்பப் பெற்ற பழைய பாகங்களுமே.

பொறி நுணுக்கம் முழுவதையும் கற்றுத் தேர வேண்டும் என்பதில்லை. கசியும் இடத்தைக் காட்டச் சொல்லும் துணிவும், காட்டியதைப் புரிந்துகொள்ளும் அளவு அறிவும் இருந்தால் போதும். குடும்பத்தின் சேமிப்பையும் வண்டியில் ஏறுவோரின் உயிரையும் அவை காக்கும்.

பயிற்சி வினாக்கள்

1. வண்டி வளைவில் திரும்பும்போது டிஃபரென்ஷியல் ஏன் தேவைப்படுகின்றது?
2. ஆயில் சீல்களை இயற்கை ரப்பரால் செய்யாததற்குக் காரணம் என்ன?
3. மூச்சுத்துளை அடைபட்டால், புதிய சீலும் ஏன் கசிகின்றது?
4. ஐந்து இடங்களில் எந்தக் கசிவு மிகவும் ஆபத்தானது? ஏன்?
5. உங்கள் வண்டி முன்சக்கர இழுவையா, பின்சக்கர இழுவையா? கையேட்டைப் பார்த்து, அதன் டிஃபரென்ஷியல் எண்ணெயின் வகையையும் அளவையும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.